ஹெல்மெட்டில் வைத்த செடி

விஜயநகரில் நான் வேலை செய்யும் வீட்டுப் பையன் நிகில், மலையில் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் போய் வீடியோ எடுப்பவன். நேற்று பழைய ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்து, மல்லாத்தி மண் நிரப்பிச் செடி வைத்தான்.

“சரிஞ்ச கல்லுக்கு அடியில சிக்குச்சு அக்கா. சைடுல பாருங்க, சூப்பர் டிசைன்.”

தமிழ் வீட்டுப் பிள்ளைதான். தமிழ் படிக்க வராது. அது டிசைன் இல்லை. நெயில் பாலிஷில் நான் எழுதிய என் புருஷன் பெயர்.

சுரங்கம் சரிந்த அன்று அவர் உள்ளே இறங்கவே இல்லை, எவளோடோ ஓடிப்போய்விட்டார் என்று கம்பெனிக்காரர்கள் சாதித்தார்கள். அதை நம்பி, பதினொரு வருடமாக நானும் அவரை மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தேன்.

“தினம் தண்ணி ஊத்துங்க அக்கா, செத்துடப் போகுது” என்றான் நிகில்.

செடியை வேரோடு பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன்.