ஒரு முழத்துக்கு இரண்டு விரற்கடை

பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஒரே ஒரு நாளைத் தவிர, என் வேனில் ஏறிய பிள்ளை மணி அடித்த பிறகு பள்ளிக்குள் போனதில்லை. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணனுக்குக் கிண்டல். அவருக்கென்ன, லோரி ஓட்டுகிறவர். அவர் ஏற்றுகிற செம்பனைக் குலைகளுக்குப் பசியும் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

அந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து எஸ்.பி.எம். என்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் இயற்பியல் எடுத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அன்பரசி. அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல். பள்ளியின் வாசல் சுவரில் அவள் படம் தொங்கியது. இன்னொருத்தி அலீசியா, எங்கள் லயத்து பெர்னாட்-அகதாவின் மூன்றாவது பெண். வேனில் ஏறி உட்கார்ந்த மறு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். மாதிரித் தேர்வில் இயற்பியலுக்கு முப்பத்தொரு மதிப்பெண் வாங்கியதும், பள்ளியில் அகதாவைக் கூப்பிட்டு, பிள்ளையை வேறு பாடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றார்கள். அலீசியா முடியாது என்றுவிட்டாள். பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படிக்கப் போகிறாளாம், இயற்பியலில் தேறாவிட்டால் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாதாம்.

எனக்கு இந்த மாதிரிப் பிடிவாதம் பிடிக்காது. முடிந்ததைச் செய்ய வேண்டும் என்று அவள் முகத்துக்கு நேராகவே ஒரு நாள் சொன்னேன். “சரி ஆன்டி” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. எட்டு மணிக்குத் தேர்வு. எட்டரைக்கு மேல் வருகிறவர்களை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். முதல் நாள் இரவெல்லாம் மழை பெய்திருந்ததால் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டியதும் பெரிய சாலையில் தண்ணீர். காரெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்குள் புகுந்து போனால் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு கோல சிலாங்கூர் சாலையில் ஏறலாம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத வழியா என்று ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

அந்தத் திமிருக்கு மூன்று கிலோமீட்டரில் பதில் கிடைத்தது. மண் சாலையின் ஓரம் ஊறிப்போய்க் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. இடது பக்கப் பின் சக்கரம் இறங்கியது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க, அது இன்னும் இறங்கியது. மூன்றாவது தடவை மிதித்தபோது வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. மணி ஆறு ஐம்பது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் லோரியோடு வெகு தூரத்தில், பத்தாங் காலியில் இருந்தார். பெர்னாட் இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை. கார் வைத்திருக்கிற வேறு இரண்டு பேர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து நின்றபோதுதான் மண்டோர் காளியண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அறுவடைக்காரர்களைப் பார்க்கப் போகிற கங்காணி. இறங்கி எங்களோடு சேர்ந்து வேனைத் தள்ளினார். எங்கள் மேல் சேறு அடித்ததுதான் மிச்சம்.

டிராக்டரைத் தேடிப் பிடித்து அனுப்பவே எட்டு மணி ஆகிவிடும் என்றார். சேற்று வழியில் மோட்டாருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்ற முடியாது, ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் எட்டரை தாண்டிவிடும் என்றும் சொன்னார்.

“ஒரு ஆளுதான். யாரு வர்றா, சொல்லுங்க” என்றார்.

நான் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. “அன்பரசி, நீ ஏறும்மா” என்றேன்.

அன்பரசி அலீசியாவைப் பார்த்தாள். அலீசியா வேனுக்குள் இருந்து அன்பரசியின் பையை எடுத்துக் கொடுத்தாள். மோட்டார் போய்விட்டது. அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. இரண்டு பிள்ளைகளில் எந்தப் பிள்ளை பரீட்சை எழுத வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதுவும் அந்தப் பிள்ளையின் முன்னாலேயே.

அலீசியா அழவில்லை. புதைந்து கிடந்த டயரை ஓங்கி ஓர் உதை விட்டாள். வேனைச் சுற்றி வந்தாள். முன்னால் சாலை வளைகிற இடத்தில், வேனுக்கு நேரெதிரே முப்பதடி தூரத்தில் ஒரு செம்பனை மரம் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆன்டி, கயிறு இருக்கா?”

இருந்தது. என் வீட்டுக்காரரின் லோரித் தார்ப்பாய் கட்டுகிற கயிறு, பெரிய வளையமாக, பின் சீட்டுக்கு அடியில். எடுத்துக் கொடுத்துவிட்டு, நாம் இரண்டு பேரும் கயிறு கட்டி இழுத்தால் இந்த வண்டி வருமா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினேன். என் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன், அவ்வளவுதான்.

“இழுக்கப் போறதில்ல ஆன்டி. தள்ளப் போறோம்” என்றாள். “வேனை இல்ல. கயித்த.”

வேனின் முன் கொக்கிக்கும் அந்த மரத்துக்கும் நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்ட வேண்டும், பிறகு கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் போக வேண்டியது மேற்கே, இவள் தெற்கே தள்ளச் சொல்கிறாள்.

“உங்க வீட்டுத் துணி காயப்போடற கம்பி என்னாச்சு போன மாசம்?” என்று கேட்டாள்.

தொய்கிறதே என்று கம்பியை முறுக்கி விறைப்பாகக் கட்டினேன். நனைந்த போர்வை ஒன்றைத்தான் போட்டேன். சிமெண்டில் நட்ட தூண் சாய்ந்துவிட்டது. லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

“ஒரு போர்வைக்கு ஏது அவ்வளவு பலம்? கம்பி நேரா நிக்கும்போது நடுவுல ஒரு பொருளைத் தாங்கணும்னா, ரெண்டு முனையையும் அதைப்போல பத்து மடங்கு இழுத்தாத்தான் தாங்க முடியும். தொய்வா இருந்தா அவ்வளவு இழுக்காது. நம்ம ரெண்டு பேருதான் இப்ப போர்வை. வேன்தான் தூணு.”

முப்பத்தொரு மதிப்பெண் பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று பார்த்தேன். சரி, சும்மா நிற்பதற்கு இதையாவது செய்வோம் என்று கயிற்றைக் கட்டினேன். இஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விட்டோம். கயிற்றின் நடுவில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றி இரண்டு பேரும் தள்ளினோம். கயிறு எங்களோடு சேர்ந்து வந்தது, ஒரு முழம், இரண்டு முழம், இன்னும் வந்தது. வேன் அசையவே இல்லை. மணி ஏழே கால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அலீசியா கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“கயிறு ரப்பர் மாதிரி நீளுது. நம்ம தள்ளுறதெல்லாம் அதுக்கே போயிடுது. நாலா மடிக்கலாம். அப்புறம் இன்னும் இறுக்கிக் கட்டணும், கிடார் கம்பி மாதிரி. அது எனக்கு வராது ஆன்டி.”

அது எனக்கு வரும். லோரிக்காரன் பெண்டாட்டிக்குச் சுமை கட்டுகிற முடிச்சு தெரியாமல் இருக்குமா? நாலாக மடித்து, மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு, அதில் நுழைத்து மரத்தில் காலை உதைத்து இழுத்தேன். கயிறு இரும்புக் கம்பியாக நின்றது. திரும்பவும் முதுகைக் கொடுத்தோம்.

ஒரு முழம் போனது. கயிறு முனகியது. அப்போது சேற்றுக்குள்ளிருந்து சளக் என்று ஒரு சத்தம். வேன் நகர்ந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன், இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று காலை மாற்றி வைத்தேன்.

“போதும் லா ஆன்டி! இனிமே தள்ளாதீங்க” என்று அலீசியா என்னை அதட்டினாள். “கயிறு வளைஞ்சிடுச்சி, இனிமே பலம் குறையும். சக்கரத்துக்குப் பின்னால அண்டை குடுத்துட்டு, திரும்ப நேரா கட்டுங்க. ஒரு முழத்துக்கு ரெண்டு விரல்தான் கிடைக்கும். தூரத்தைக் குடுத்துதான் பலத்த வாங்கணும், சும்மா தரமாட்டாங்க.”

அவள் ஒருத்தியாகக் கயிற்றில் சாய்ந்து தாங்கிக்கொண்டு நிற்க, நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் வெட்டிக் கிடந்த செம்பனை மட்டைத் துண்டைச் சொருகினேன். ஓடி வந்து முடிச்சை அவிழ்த்து, தொய்வை இழுத்து, மறுபடி கட்டினேன். தள்ளினோம். இரண்டு விரற்கடை. மட்டை, முடிச்சு, தள்ளு. மறுபடி இரண்டு விரற்கடை. கயிறு புதிதாக இறுகி நிற்கும் அந்த முதல் நொடியில்தான் வேன் ஆடும் என்பது எனக்கும் பிடிபட்டது. அந்த நொடிக்காகக் காத்திருந்து, இரண்டு பேரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தோம்.

ஐந்தாவது தடவையில் என் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. ஏழாவதில் அலீசியாவின் சட்டை முதுகில் கிழிந்தது. நடுவில் ஒரு தடவை மட்டை நழுவி, வாங்கிய இரண்டு விரற்கடையும் பள்ளத்துக்கே திரும்பிப் போனபோது, நான் எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் அந்த வேனுக்குச் சொன்னேன். அலீசியா சிரித்துவிட்டாள். அந்தக் காலையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மணியைப் பார்க்காதீங்க ஆன்டி என்று மட்டும் சொன்னாள். நான் பார்த்தேன். ஏழு முப்பத்தெட்டு.

பன்னிரண்டோ பதின்மூன்றோ, எண்ணிக்கை விட்டுப்போனது. கயிற்றில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று முதுகுக்குப் பின்னால் கயிறு இல்லாமல் போனது. இரண்டு பேரும் சேற்றில் மல்லாந்து விழுந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தால், சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறிக் கெட்டி மண்ணில் நின்றது. வேன் தானாக ஓர் அடி முன்னால் உருண்டு வந்தது. நான் எழுந்து ஓடிப்போய்க் கைப்பிரேக்கை இழுத்தேன்.

ஒன்றரை டன் வண்டி. நாங்கள் இரண்டு பெண்கள். ஒரு கயிறு. அந்தத் தோட்டத்தில் கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும், நான் தொண்டை கிழியக் கூவினேன். அலீசியாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினேன். விடுங்க ஆன்டி, மணியாச்சு என்று அவள்தான் என்னை வண்டிக்குள் தள்ளினாள்.

மணி ஏழு ஐம்பத்து நான்கு. பெரிய சாலையில் ஏறியதும் நான் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதமாட்டேன். அலீசியா தூங்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, முகத்தில் இருந்த சேற்றை என் துண்டால் துடைத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்தபடி வந்தாள். பள்ளி வாசலில் நிறுத்தும்போது எட்டு பத்தொன்பது.

காவலாளி எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தார். மண்டபம் வரைக்கும் கூடவே ஓடினேன். வாசலில் நின்ற தேர்வு அதிகாரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்த்துவிட்டு, காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்றார். உள்ளே மூன்றாவது வரிசையில் அன்பரசி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மேசை காலியாக இருந்தது.

அலீசியா குனிந்து காலணி நாடாவை அவிழ்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தோன்றியது. நானும் குனிந்தேன்.

“கண்ணு, அங்க நான் உன்ன நெனச்சே பாக்கல. அவளத்தான் அனுப்பணும்னு வாய் தன்னால சொல்லிடுச்சி. என்ன மன்னிச்சிடு.”

அவள் காலணியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“நானா இருந்தாலும் அவளத்தான் ஏத்தி அனுப்பி இருப்பேன் ஆன்டி” என்றாள். “இன்னிக்கு ஏழேகாலுக்கு அந்தக் கயித்தச் சுண்டிப் பாக்கற வரைக்கும்.”

வெறுங்காலோடு நேராக நடந்துபோய், அந்தக் காலி மேசையில் உட்கார்ந்து, தாளைத் திறந்தாள்.