இஷ்தியாக் பாய் போட்ட பாலிஷ்

ஜெயகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட வந்தபோது, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியின்மேல் ஆறு உருக்குத் துண்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. சாண் நீளம்கூட இல்லாதவை, நடுவில் இடுப்பு சிறுத்தவை. புதன்கிழமை அவன் கொண்டுவந்து பீரோவில் வைத்தபோது அந்த இடுப்புகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல மங்கிக் கிடந்தன. இன்று வெள்ளிக்கிழமை. இப்போது அவற்றில் அவன் முகமே தெரிந்தது. அந்த முகத்தில் வாய் திறந்திருந்தது.

"எப்படி இருக்குது?" என்றாள் பொன்மலர்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வேலூர் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் விரிவுரையாளர். இந்த 2007-ஆம் வருஷத்தோடு பிஎச்.டி. பதிவு செய்து ஒன்பது வருஷம். ஆம்பூரில் அவர்களுடைய சபையில், மழைக்காக ஜெபித்து முடித்ததும் அவனுடைய ஆராய்ச்சிக்காக ஜெபிப்பது வழக்கமாகிவிட்டது. மழையாவது நடுவில் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனது.

ஆராய்ச்சி உலோகத்தின் சோர்வைப் பற்றியது. மனுஷனுக்கு வருவதுபோல உருக்குக்கும் சோர்வு வரும். லட்சம் தடவை வளைந்து கொடுத்துவிட்டு, ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். விரிசல் முதலில் மேல்பரப்பில்தான் விழும். அதனால் மேல்பரப்பை இறுக்கிவிட்டால் உடைவது தள்ளிப்போகும். ஜெயகரன் அதை லேசரால் செய்தான். தண்ணீருக்குள் லேசரைக் குவித்தால் அந்தப் புள்ளியில் ஒரு குமிழி பிறக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயிரோடு இருக்காது. உடைகிறபோது மட்டும் பக்கத்திலிருக்கும் உருக்கை ஓங்கி ஒரு குத்து குத்திவிட்டுப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான குமிழிகள் உயிரை விட்டு இறுக்கியவைதான் இந்த ஆறு துண்டுகளும். தழும்புகள் அந்தக் குத்துகளின் அடையாளம். லேசரை பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நாலு வருஷம் கெஞ்சி, மூன்று நாளைக்கு வாங்கியிருந்தான். இனி கிடைக்காது. பதிவு இந்த மாதக் கடைசியோடு காலாவதி.

பொன்மலருக்குத் தழும்பு என்றால் தழும்புதான். ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கடைசிப் பரிசோதனை செய்கிறவள். மூக்கு மங்கிய ஷூவை டப்பாவுக்குள் போகவிட்டதே இல்லை. பினிஷிங் செக்ஷன் இஷ்தியாக் அகமதிடம் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"இத எடுத்துனு போயி யுனிவர்சிட்டில காட்டினா எவன் பாஸ் போடுவான்? அதான் ஒம்பது வருஷமா இழுக்கறான்" என்றாள். "பாய் நேத்து லஞ்ச்சுக்குக்கூட உக்காரல. குழி ஜாஸ்தியா இருக்குதுன்னு மொதல்ல எமரி பேப்பர்ல போட்டு, அப்புறம் துணிச் சக்கரத்துல போட்டு, மெழுகு தேச்சிக் குடுத்தாரு. ஷூவுக்கே இவ்ளோ செஞ்சதில்லியாம்."

அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருஷமாக அவனைக் கேலி செய்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் தனியாக நின்று சண்டை போட்ட முகம்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, துண்டுக்கு ஒன்றாக ஆறு இட்லி சாப்பிட்டான்.

கல்லூரிக்குப் போய் மைக்ரோமீட்டரில் அளந்தான். ஒவ்வொரு பக்கமும் ஒரு தலைமுடி கனம் போயிருந்தது. குமிழி இறுக்கியது எவ்வளவு ஆழத்துக்கு என்பதுதான் ஆராய்ச்சியின் கேள்வியே. இரண்டு முடி கனம் என்று அவன் கணக்கு சொன்னது. அரை முடிதான் என்றது வழிகாட்டி கோதண்டபாணியின் கணக்கு. அவர் கணக்குப்படி பாய் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டார். இவன் கணக்குப்படி பாதி மிச்சமிருக்கிறது, கூடவே விரிசல் பிறக்கத் தோதான குழிகளும் ஒழிந்தன. அப்படியானால் பாய் செய்தது உபகாரம். ஒன்பது வருஷத்தில் அவன் கணக்கு எதிலாவது சரியாக வந்திருந்தால் இப்போது நம்பியிருப்பான்.

கோதண்டபாணிக்குப் போன் போட்டான். அவர் சிரிப்பை அடக்கிய குரலில், டெஸ்ட் ஓட்டுங்கள், வருகிற எண்ணை மட்டும் எழுதுங்கள், பாலிஷ் கதையை எங்கேயும் எழுத வேண்டாம், ஷூ பாலிஷ் போட்ட தீஸிஸ் என்று பரிசோதகர்கள் ஓட்டித் தள்ளிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வெளியே தெரிய வழியும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. காலையில் முதல் துண்டைச் சோதனை இயந்திரத்தில் மாட்டினான். எடை தொங்கவிட்டு, வளைந்தபடியே சுழலவிடும் இயந்திரம். குமிழி படாத சாதாரணத் துண்டுகள் மூன்று லட்சம் சுற்றுக்குள் உடைந்துவிடும் என்பது முன்பே தெரியும். அதைத் தாண்ட வேண்டும். சுவிட்சைப் போடுமுன் நோட்டைத் திறந்தான். பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்: 'லேசர் குமிழிக்குப் பின் எமரி, துணிச் சக்கரம், மெழுகு. செய்தவர்: இஷ்தியாக் அகமது, பினிஷிங் செக்ஷன், ஆம்பூர்.' எழுதி முடித்ததும், பரிசோதகர் சிரிக்கப்போகிற சிரிப்பை முன்கூட்டியே தானே ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு சுவிட்சைப் போட்டான்.

பதினொன்றரை மணிக்குப் பொன்மலர் சாப்பாட்டோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். பாலிஷ் போட்டது ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். வந்தவள் முதலில் பார்த்தது மேஜையில் விரிந்துகிடந்த நோட்டை. படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பரிசோதனையில் குறை எழுதியே பழகியவள்; இதுவும் ஒரு குறையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கெடுத்துட்டனா?"

"தெர்ல மலரு. மூணு லட்சம் தாண்டுச்சுன்னா இல்ல."

"இப்ப எவ்ளோ?"

"ரெண்டு லட்சத்து எழுவதாயிரம்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் பத்து நிமிஷ ஓட்டம் பாக்கி.

"பாய் திங்கக்கெழம கேப்பாரே. இன்னா சொல்றது?"

"அவரு பேர எழுதியிருக்கேன்னு சொல்லு."

"இது சுத்தவே இல்லியே, நிக்குதே" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

சுற்றுகிறது என்றான். சாதாரணத் துண்டு என்றால் ஓடும்போது மேலே ஒரு மங்கல் நடுங்கும். இதில் நடுங்குவதற்கு ஒரு கீறல்கூட இல்லை. துண்டின் இடுப்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றிலும் அந்தக் கோடு அசையவில்லை. பொன்மலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.