இரண்டு முழங்காலிலும் ஒரே அம்பு

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. மயக்க மருந்து மருத்துவரான என் அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னது. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் லேசான நடுக்கம் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘கத்தி தோலைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால்...’

கத்தியை யாரும் கையில் எடுக்கவே இல்லை, எடுக்காததுதானே கதை என்றார் அண்ணி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நோயாளி ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. காலையில் அறுவை மருத்துவர் அந்தக் காலில் மையால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். மை காய்வதற்குள், குளிருக்கு ஓட்டுநர் முழங்கால்களைச் சேர்த்து ஒட்டிக்கொண்டார். அம்பு இடது காலிலும் பதிந்தது.

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. கட்டியிருந்தால் இதைவிட நம்பும்படி கட்டியிருப்பேன்.)

அறுவை அரங்கில் போர்வைக்கு வெளியே தெரிந்தது இடது கால். அம்பைப் பார்த்த செவிலியர், கருவி வண்டியை இடப்பக்கம் நகர்த்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3

மயக்கம் கொடுக்குமுன் அண்ணி கேட்டார்:

“ஐயா, வலது காலுக்குத்தானே வந்திருக்கீங்க?”

அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

வண்டி இடப்பக்கம் நிற்பது அப்போதுதான் அண்ணி கண்ணில் பட்டது.

“இடது காலுக்கா?”

அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல்.

அண்ணியின் கையில் ஊசி தயாராக இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டார்.

4

இங்கே அறுவை மருத்துவரை வில்லனாக்கப் பார்த்தேன். ‘நேரமாகிறது என்று அவர் சீறினா...’ வேண்டாம். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. நடந்தது வேறு. அண்ணி ஊசியை வைத்ததும் அறுவை மருத்துவர் போர்வையை முழுதாக விலக்கினார். வலதில் அடர்ந்த அம்பு, இடதில் அதன் மங்கிய நிழல். பிறகு ஓட்டுநரின் காதைப் பார்த்தார். அரங்குக்குள் கொண்டுவருமுன் கண்ணாடி, பல்செட்டோடு காதுக் கருவியையும் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். மனுஷனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார்.

அறுவை மருத்துவரே வெளியே போய்க் கருவியை வாங்கிவந்து மாட்டிவிட்டார்.

“எந்தக் கால்ல பண்ணப் போறோம்? நீங்களே சொல்லுங்க.”

“வலது,” என்றார் ஓட்டுநர். பிறகு இடது காலில் கை வைத்தார். “இதத் தொட்டுடாதீங்க. இதை நம்பித்தான் நடந்துட்டிருக்கேன்.”

அறுவை மருத்துவர் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

5

வலது காலில் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது அங்கே காதுக் கருவியை மயங்கிய பிறகுதான் கழற்றுகிறார்களாம். ‘இதுதானே?’ என்று யாரும் கேட்பதில்லை, ‘எது?’ என்கிறார்கள். குறி போட்டால் மை காயும்வரை கூடவே நிற்கிறார்கள். கதைக்கு இதெல்லாம் சப்பென்றிருக்கும். எனக்கோ எழுத எழுத நெஞ்சு லேசானது.

6

மறுநாள் அறுவை மருத்துவர் கணவன் மனைவி இருவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்று அண்ணிக்குத் தெரியாது, அடுத்த நோயாளி காத்திருந்தார். நான் அவரைக் கோபப்பட வைத்தேன், அழ வைத்தேன், நன்றி சொல்ல வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை.

அந்த அம்மாவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டினாலும் சரி, வாயடைத்து நின்றாலும் சரி. ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: வீட்டுக்குக் கிளம்பும்போது ஓட்டுநர் முதலில் ஊன்றுவது அந்த இடது கால்.