ஏழாம் நம்பர் வளையம்

சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே, ரெங்கம் ஊருக்குப் பக்கத்து முட்டைப் பண்ணையில் காளியம்மாவின் கைக்கு ஈடான கை கிடையாது. கோழியின் இரண்டு இறக்கைகளையும் ஒரு கையால் மடக்கிப் பிடித்து, மறு கையால் நெஞ்சில் ஊசியைப் போட்டு, அது கத்தி முடிப்பதற்குள் அடுத்ததை எடுத்துவிடுவாள். பறவைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி பண்ணைக்கு வந்தபோது, ஊசி போடும் கூட்டத்துக்குச் சூப்பர்வைசர் விஜயன் அவளைத்தான் தலைவியாகப் போட்டான். ஒரே ஒரு சட்டம்தான் கறார். வெளியிலிருந்து நோய் வந்துவிடும் என்று, பண்ணையில் வேலை செய்கிறவர்கள் சொந்தமாக ஒரு குஞ்சுகூட வளர்க்கக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

முனியாண்டிச் சாமிக்கு இந்தச் சட்டம் தெரியவா போகிறது? தினமும் எல்லை தாண்டிப் போய்வரும் மகள் பிரேமலா, சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மாட்டி ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது காளியம்மா ஒரு கருஞ்சேவலை நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தாள். வாங்கிய சேவலைப் பக்கத்து வீட்டுச் செல்லப்பன் தன் கூண்டில் விட்டுக்கொண்டார். மனைவியும் பிள்ளையும் இல்லாத மனிதர். முப்பது நாட்டுக் கோழிகள், முப்பதுக்கும் பெயர் உண்டு.

"யாரு கேட்டாலும் என் சேவல்னு சொல்லிக்கிறேன். நீ கவலப்படாத தங்கச்சி" என்றார்.

ஆடிப் பூசைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஆயர் ஈத்தாம் ஊர்ப்பக்கம் எங்கோ கோழி செத்து விழுகிறது என்று வாட்சாப்பில் வந்தது. அது உண்மையோ புரளியோ, காளியம்மா பொறுத்திருந்து பார்க்கத் தயாராக இல்லை. நேர்ந்த சேவல் போய்ச் சேர்ந்தால் சாமி மகளையே திருப்பிக் கேட்குமே! மறுநாள் பண்ணையில் ஒரு கோழிக்கான தடுப்பு மருந்தைச் சின்ன ஊசியில் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செல்லப்பன் கடைக்குப் போன நேரம் பார்த்து சேவலுக்குப் போட்டாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது. மற்ற முப்பதையும் பார்த்தாள். ஒன்றுக்கு எடுத்தால் பண்ணையில் தெரியாது, முப்பதுக்கு எடுத்தால் தெரிந்துவிடும் என்று கூண்டைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து, பண்ணையைச் சுற்றியிருந்த வீட்டுக் கோழிகளுக்கு இரத்தம் எடுக்கக் கால்நடைத் துறை ஆட்கள் வந்தார்கள். செல்லப்பன் கூண்டில் பத்துக்கு எடுத்து, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டினார்கள். கருஞ்சேவலுக்கு ஏழு.

ஊசி போட்ட கோழியின் இரத்தமும் நோய் கண்ட கோழியின் இரத்தமும் அந்தச் சோதனையில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊசி போடப் பழக்கிய வகுப்பில் டாக்டர் இதை இரண்டு தரம் சொல்லியிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் காளியம்மாதான். ஏழாம் நம்பருக்கு நோய் என்று முடிவு வந்த பிறகுதான் அந்த வகுப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. கூண்டு மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, கோழிங்கள அழிக்கப் பண்ணையிலேருந்து ரெண்டு பேர் வேணும்னு கேக்குறாங்க. நீங்க வந்தா சட்டுனு முடிஞ்சிரும் லா" என்றான் விஜயன்.

போனாள். வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றவளைச் செல்லப்பன் கண்ணை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ தெனமும் கோழியோடவே இருக்கிறவ. இதுங்கள பாத்தா சீக்கு மாதிரியா இருக்கு? அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

ஒரு வார்த்தைதான். சொன்னால் முப்பதும் பிழைக்கலாம், அவள் வேலை போகும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சோதனையில வந்துருச்சுண்ணே, நான் என்ன செய்யறது?" என்றாள். சொன்ன கையோடு முதல் கோழியைப் பிடித்தாள்.

கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. பெயர் தெரிந்த கோழிகள். ஒவ்வொன்றையும் சாக்கில் போடும்போது செல்லப்பன் அதன் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இருபதோ இருபத்தொன்றோ ஆனபோது, அவர் மடியிலேயே வளர்ந்த வெள்ளைப் பெட்டை அவள் கைக்கு வந்தது. அதன் காலில் ஏழாம் நம்பர் வளையம்.

காளியம்மா நிமிர்ந்தாள். கூண்டில் கருஞ்சேவல் இல்லை. செல்லப்பன் கண்ணாலேயே வீட்டுப் பக்கம் காட்டிவிட்டு, அவள் காதருகில் வந்தார்.

"சாமி சேவல அரிசி ட்ரம்முக்குப் பின்னால கட்டிப் போட்டிருக்கேன். வளையத்த இதுக்கு மாத்திட்டேன். என்னோடது போனா போவுது, உன் நேத்திக்கடன் கெடக் கூடாது."

"ஏழாம் நம்பர் வந்துவிட்டதா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார். காளியம்மா வெள்ளையின் கழுத்தைத் திருகி, காலைத் தூக்கி வளையத்தைக் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார்.

ஆடிப் பூசையன்று முனியாண்டிக்கு முன்னால் சேவலின் தலையில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சாமி ஏற்றுக்கொண்டால் சேவல் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பவில்லை. மூன்று முறை தெளித்தும் மரம்போல நின்றது. பிரேமலாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஏதோ குத்தம் நடந்திருக்கு. யாருன்னு சொல்லிட்டா சாமி மன்னிச்சிரும்" என்றார் பூசாரி.

காளியம்மா திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் பண்ணைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். விஜயனும் இருந்தான்.

செல்லப்பன் முன்னால் வந்து மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் கூண்டுல வளந்த சேவல் சாமி. நான்தான் சுத்தபத்தமா வெச்சுக்கல. என் கோழிங்களுக்குச் சீக்கு வந்ததும் என்னாலதான். அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாத" என்று அழுதார்.

சேவல் தலையைச் சிலுப்பியது.

கூட்டம் குலவையிட்டது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வேலையும் இருக்கிறது, மகளும் இருக்கிறாள், சாமியும் வாங்கிக்கொண்டது. காளியம்மா குனிந்து செல்லப்பனைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "பரவால்லண்ணே, சாமி உங்கள மன்னிச்சிருச்சு" என்றாள்.