மொக்கை டப்பா

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கணவர் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் தொடங்கியது. "கடைசல்தான் வேலை. ஓட்டை போடுறதுல என்ன இருக்கு, கைப்பிடியை இறக்கினா ஓட்டை."

அதையும் தன் தங்கையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். அவர் லேத்தில் கடைபவர். மனைவி அதே பட்டறையில், அவருக்கு முதுகைக் காட்டியபடி, டிரில் மெஷினில் துளை போடுபவள். அன்றிலிருந்து அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் பேசாமல் இருப்பது சுலபம். பட்டறையில்தான் கஷ்டம், ஒரு ஸ்பேனர் கேட்கக்கூட வாய் வேண்டியிருக்கிறது.

அந்தத் தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், பல் டாக்டர். நாளை அவளுடைய புது கிளினிக் திறப்பு. எழுத்து வெட்டிய பித்தளைப் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து, "நாலு மூலையிலயும் ஓட்டை மட்டும் போட்டுடுங்க அண்ணி, சாயங்காலம் வர்றேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான்கு துளையும் மயிரிழை பிசகக்கூடாது என்று இவள் நினைத்தாள். பலகைக்காக மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமைக்காகவும்.

பித்தளையில் துளை போடும் பிட்டுகளுக்கென்று அவளிடம் ஒரு தகர டப்பா உண்டு. அதிலிருந்து ஒரு பிட்டை எடுத்து மாட்டினாள். பலகையை ஒரு கிளாம்பால் இறுக்கி, கைப்பிடியை மெல்ல இறக்கினாள். பிட் பலகையைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் கிளாம்பை உதறிக்கொண்டு பலகை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முதல் மூலையில் துளை முட்டை வடிவத்தில் கிழிந்திருந்தது.

அணைத்துவிட்டுப் பிட்டைப் பார்த்தாள். சவரக்கத்தி போலப் பளபளத்தது. டப்பாவில் இருந்த மற்றவையும் அப்படியே.

"என் டப்பாவை யார் தொட்டது?"

லேத் நின்றது. "நான்தான்" என்றார் அவர். "நேத்து நீ கடைக்குப் போனப்போ எல்லாத்தையும் சாணை பிடிச்சு வெச்சேன். ஒண்ணுலகூட கூர் இல்ல, பாவமா இருந்துச்சு." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "மன்னிப்புக் கேக்க வாய் வரல. அதான்."

அவளுக்குக் கத்தவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம் இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் விழித்தது. ஒரு துண்டுப் பித்தளையை வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கி நீட்டினாள்.

"கைப்பிடியை இறக்கினா ஓட்டை. இறக்குங்க."

இறக்கினார். கைப்பிடி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வைஸ் துள்ளியது.

"என்ன இது, என்னையே உள்ள இழுக்குது?"

"இழுக்கும். இரும்புக்குத்தான் கூர். பித்தளையில கூரா விட்டா திருகாணி மாதிரி தானா இறங்கிடும். அதுக்குத்தான் ஒவ்வொண்ணையும் உக்காந்து மொக்கையாக்கி வெச்சிருந்தேன்."

"இத்தனை வருஷமா நீ மொக்கை போடுறது எனக்குத் தெரியாமப் போச்சே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் பக்கம் சிரிப்பைத் திருப்ப இன்னும் மனசு வரவில்லை.

பிட்டைத் தேய்க்கும் எண்ணெய்க்கல்லை அவரிடம் தள்ளினாள். அவர் வெட்டும் விளிம்பை லேசாகத் தட்டையாக்கித் தர, அவள் மறுபடியும் பலகையை இறுக்கினாள். இம்முறை இரண்டு கிளாம்ப்.

"எப்பவும் ரெண்டா?" என்றார் அவர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்த பக்கத்தில் நிற்பது சுகமாகத்தான் இருந்தது. "இல்ல" என்றாள். "மொக்கை பிட்டு இழுக்காதுங்கிற தைரியத்துல ஒண்ணுதான் போடுவேன். ரெண்டு போட்டிருந்தா பலகை சுத்தியிருக்காது."

அவர் லேத்துக்குப் போய், கிழிந்த துளையை மூடும் அளவுக்கு, மூலைக்கு ஒன்றாக நான்கு வட்டப் பித்தளை வில்லைகள் கடைந்து வந்தார். பலகையின் மீதி மூன்று துளைகளையும் வில்லைகளின் நடுத்துளைகளையும் அவள் போட்டு, வில்லைகளை மூலைகளில் பொருத்தினாள். அதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள்.

"அட, மூலைக்கு மூலை பொத்தான் வெச்ச மாதிரி இருக்கே. அண்ணா, உன் கைவேலையா?"

அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு தங்கையை.

"ஓட்டை உங்க அண்ணி போட்டது. அதுதான் வேலை. நான் ஒரு சொத்தையை அடைச்சேன், அவ்வளவுதான்."

"சொத்தையா? எங்க?"

"அதெல்லாம் டாக்டர் கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றாள் இவள். கணவர் பக்கம் திரும்பினாள். "அந்த ஸ்பேனரை எடுங்க."