பூநாரைக்கு வைத்திருந்த படம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. குழந்தை தூங்கினால் மடியிலேயே தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். உங்களுக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. தண்ணீரில் நிற்கும் பறவை கலைந்துவிடாதபடி மெல்லச் சொல்ல வேண்டிய கதை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. வியாகுலமும் அவர் மனைவி இசபெல்லாவும் நடத்தினார்கள். கல்யாணம், காதுகுத்துக்கு வியாகுலம் போவார். வயசுக்கு வந்த பெண்ணைப் படம் எடுக்க இசபெல்லாவைத்தான் கூப்பிடுவார்கள். இருட்டறை வேலையும் அவளுடையதே. செத்தவர்களை எடுத்த படமென்றால், மூடிய இமையின்மேல் மெல்லிய தூரிகையால் கண் வரைந்து திறந்துவிடுவாள். அப்படி அவள் திறந்த கண்கள் ஊரில் எத்தனையோ சுவர்களில், மாலைக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டூடியோவில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதில் ஓர் ஏரி, தாமரை, கரையில் மூன்று பூநாரைகள். திருக்கோவிலூர் பெயிண்டர் ஒருவர் பூநாரையைப் பார்க்காமலே வரைந்து கொடுத்தது. பதினைந்து வருடமாக ஊரே அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

சொன்னவன் முனியன். மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவன். அவன் தங்கச்சி கண்ணகியைக் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளைப் பார்க்க வந்தவன், அவள் புருஷனோடும் கைக்குழந்தையோடும் படம் எடுக்க வந்தபோது கூட வந்தான். திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா இது? பூநாரைக்கு முட்டி மனுசனாட்டம் முன்னால நீட்டிக்கினு கீது! சைக்கிள் மிதிக்கப் போவுதா?"

"சும்மா இருண்ணா," என்றாள் கண்ணகி. ஆனால் அவள் உதட்டிலும் சிரிப்பு இருந்தது.

"பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் இசபெல்லா.

"எங்க கழுவெளிக்கு வந்து பாருக்கா. கடலோரம், உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து கெடக்கும். இந்த வருசம் முன்னாலயே ஒரு கூட்டம் எறங்கிக்கீது. எங்கம்மா கையால கொழம்பு ஊத்திச் சாப்புட்டுட்டு நாள் பூரா பாத்துக்கினு இருக்கலாம்."

அன்று முதல் இசபெல்லாவுக்கு அந்த மூன்று பறவைகளும் கனவில் வரத் தொடங்கின. நிற்கப் பார்க்கும், முடியாது. தப்பான முட்டியை மடக்கிக்கொண்டு தண்ணீரில் மெல்லச் சாயும். ஒரு பூநாரையைக் கிட்டத்தில் படம் எடுத்துவந்தால், அதைப் பார்த்துத் திரையைத் திருத்திவிடலாம்.

"பறவைக்காவ ஒரு பொம்பள மரக்காணம் போவாளா?" என்றார் வியாகுலம். ஆனாலும் கேமராவைத் துடைத்து அவர்தான் பையில் வைத்துக் கொடுத்தார். கூட ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம்.

அது எண்பத்தேழாம் வருடம், செப்டம்பர் மாதம்.

கழுவெளியை என்னவென்று சொல்வேன்? வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கணுக்கால் அளவு தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. உள்ளான் குருவிக் கூட்டம் சேற்றில் எழுத்து எழுதுவதுபோல் ஓடியது. கூழைக்கடா வயிற்றை நிரப்பிக்கொண்டு, விருந்தாளிபோல் அசையாமல் மிதந்தது. விடியலில் ஒரு நரி கரையோரம் வந்து, தன் நிழலை நக்கிக் குடித்துவிட்டுப் போனது. இசபெல்லா கோரைப்பாயைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் தூரத்து லென்ஸ் கிடையாது. பறவை தானாகக் கிட்டே வர வேண்டும்.

பழக்கதோஷம், ஒரு கொக்கைப் பார்த்து, "தலைய லேசா தூக்குங்க... அப்படியே," என்று முணுமுணுத்தாள். கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த முனியனின் அம்மா சின்னப்பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ம்மே, அது பல்லைக் காட்டிச் சிரிக்கும்னு பாக்கறியா?"

மூன்று நாளில் முப்பத்தைந்து படம் ஆகிவிட்டது. பூநாரைக் கூட்டம் மட்டும் தூரத்தில், தண்ணீரின்மேல் விரித்துப் போட்ட இளஞ்சிவப்புச் சேலைபோல் அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே வரவில்லை.

அதற்குள் உப்பு லாரிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருக்கிறார்கள், விழுப்புரம் பக்கம் ஒரு பஸ்கூட ஓடவில்லை. இன்னொரு ரோல் வாங்கவும் வழியில்லை, ஊர் திரும்பவும் வழியில்லை.

அன்று சாயங்காலம் சின்னப்பொண்ணு தலைவாரி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"என்னை ஒண்ணு புடிச்சிக் குடும்மே. கண்ணகி அவ போட்டோவ அனுப்பிச்சா. நானும் பதிலுக்கு ஒண்ணு அனுப்பணும்ல? நான் போட்டோவே புடிச்சதில்ல."

இசபெல்லா கேமராவைப் பார்த்தாள். மீதி ஒன்றே ஒன்று.

"இது பூநாரைக்குன்னு வெச்சிருக்கேம்மா. பஸ் வுட்டதும் எங்கூட ஊருக்கு வாங்க. ஸ்டூடியோவுல வெளக்குப் போட்டு, ராணி மாதிரி எடுத்துத் தரேன்."

"பறவைக்குப் போட்டியா நான் நிக்க முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போனாள். கோபமே இல்லை. அந்தச் சிரிப்புதான் பிறகு இசபெல்லாவை வாட்டியது.

மறுநாள் விடியலில் இசபெல்லா பாய்க்குள் இருந்தாள். காற்று நின்றிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பூநாரை, பின்னால் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாத கால்கள். தலைகீழாகக் கழுத்தை வளைத்துத் தண்ணீரைச் சலித்துக்கொண்டு நடந்து வந்தன. இருபதடி. பதினைந்தடி. கனவிலிருந்து எழுந்து வருவதுபோல் வந்தன. அவள் விரல் பொத்தானில் இருந்தது.

"அக்கா."

கரையில் முனியன். கத்தவில்லை. கழுவெளியில் பிறந்தவன், அந்த நேரத்திலும் பறவை கலையாத குரலில்தான் பேசினான்.

"அம்மா எந்திரிக்கலக்கா. ஒடம்பு சில்லுன்னு கீது."

தாய் முகத்தை மகள் பார்த்த பிறகுதான் மண் தள்ளுவது அங்கே வழக்கம். மகளோ மலையடிவாரத்தில், நடுவில் சாய்ந்துகிடக்கும் மரங்கள். அந்த வெயிலில் உடலை இரண்டு நாள் வைத்திருக்கவும் முடியாது. முனியன் அவள் கையிலிருந்த கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு பூநாரை கால் தூக்கியது. இசபெல்லா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

வீட்டில் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து வெளிச்சம் வரவழைத்தாள். ஒரு வெள்ளை வேட்டியை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொல்லி, கன்னத்து நிழலைக் குறைத்தாள். நேற்றுக் கட்டிய அதே நல்ல சேலை. தலையை நேராக்கிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போனவள், தன்னை அறியாமல், "கொஞ்சம் சிரிங்கம்மா," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம், வெறுங்கையோடு தண்ணீர் ஓரம் போய் நின்றாள். பூநாரைகள் பயமே இல்லாமல் கிட்டே வந்தன. ஆனால் கண் நிறைந்திருந்தது. அலையில் எல்லாக் கால்களும் எல்லாப் பக்கமும் மடங்கின. எது எப்படி என்று பிடிபடவில்லை.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே முனியனோடு கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தாள். வியாகுலம் வாசலிலேயே, "பூநாரை கெடச்சுதா?" என்றார். அவள் நேராக இருட்டறைக்குள் போனாள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து சின்னப்பொண்ணு மெல்ல மெல்ல மேலே வந்தாள். இரண்டு பிரதி போட்டாள். ஒன்றை அப்படியே விட்டாள். இன்னொன்றில், தன்னைப் பார்த்துச் சிரித்த அந்தக் கண்களை நினைவிலிருந்து எடுத்து, ஒரு பகல் முழுக்க வரைந்தாள். இதுவரை அவள் திறந்த கண்களிலேயே நல்ல கண்கள் அவைதான்.

கச்சிராயபாளையத்தில் கண்ணகி வாசலுக்கு ஓடி வந்தாள். அண்ணன் அடித்த தந்தி வந்த அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், விழுந்த மரங்களைத் தாண்ட முடியாமல் திரும்பியிருந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சிகூட பாக்கலியேண்ணா," என்று அழுதாள்.

இசபெல்லா இரண்டு படங்களையும் பாயில் வைத்தாள். "மொத நாள் சாயங்காலமே கேட்டாங்க. நான் எடுத்துத் தரல, கண்ணகி. மறுநாள்தான் எடுத்தேன். எது வேணுமோ எடுத்துக்க."

திறந்த கண்களைக் கண்ணகி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை நகர்த்திவிட்டு, கண் மூடியிருந்ததை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்லக்கா. எனக்கு முந்தி எந்திரிச்சி உப்பளத்துக்குப் போயிடும். நான் தூங்கின அப்பறந்தான் படுக்கும். இன்னிக்குத்தான் பாக்கறேன். எவ்ளோ நல்லா தூங்குது."

மலைப்பக்கமிருந்து காற்று வந்து குழந்தையின் தொட்டிலை ஆட்டியது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணகி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூநாரை புடிச்சியாக்கா?" என்று கேட்டாள்.

"அதுக்கு வெச்சிருந்ததுதான் உன் கையில இருக்கு."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கண்ணகி தானாகவே ஸ்டூடியோவுக்கு வந்தாள். அடுப்புக்கரித்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, நாற்காலிமேல் ஏறித் திரைச்சீலை முன் நின்றாள்.

"அது முட்டியே இல்லக்கா, கணுக்காலு. அதான் பின்னால மடங்குது. முட்டி மேல, இறக்கைக்குள்ள ஒளிஞ்சிக்கினு கீது. அன்னிக்கே சொல்லியிருப்பேன், புருசன் எதுர்ல வாயத் தொறக்க வெக்கமா இருந்திச்சி."

மூன்று கோடுதான் போட்டாள். பறவைகள் நிமிர்ந்து நின்றன. அதற்குப் பிறகு அவை இசபெல்லாவின் கனவில் வந்தால், சாயாமல் தண்ணீரில் நடந்துபோயின. அந்த ஸ்டூடியோவுக்கு யார் வந்து, "என்னை ஒண்ணு புடிங்க" என்றாலும், அவள் நாளைக்கென்று சொன்னதில்லை.

தூக்கம் வந்துவிட்டதா, கண்ணுகளே? போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் கண் திறந்து சிரிக்கும்போதே அவர்களை நீங்கள் ஆசைதீரப் பார்த்திருங்கள். உங்களைத் தேடி வருகிறவர்களின் வழியில் ஒரு சுள்ளியும் கிடக்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தாய், பிள்ளைகள் விழித்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாகத் தூங்கட்டும்.