அம்மா கூப்பிட்டால் அறுந்துபோகும் நெட்

அம்மாவின் வாய் பாதி திறந்தபடியே திரையில் நின்றுபோனது. "சாப்..." வரைக்கும்தான் வந்தது. சாப்பிட்டியா என்றுதான் கேட்டிருப்பாள், வேறென்ன கேட்கப்போகிறாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த நோட்டில் தங்கச்சி எழுதினாள்: ஞாயிறு, இரண்டு இருபது, கட்.

வேலை தேடி வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. அவளுக்குக் கொடுத்தது கோடி அறை. சுவர் அத்தனை தடிமன். வைஃபையும் சரி, போன் சிக்னலும் சரி, வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வாடகை வீடு, சுவரில் துளை போடவும் வழியில்லை. அதனால் அண்ணன், ஹாலில் அவன் கட்டட வரைபடம் போடுகிற கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலிருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, சுவரோரமாக ஓட்டி, கதவின் கீல் பக்கமாக வளைத்து, அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் சொருகியிருந்தான்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அதில்தான் இன்டர்வியூ. மூன்று பேர் கேள்வி கேட்பார்களாம். விசா முடிய இன்னும் இரண்டே மாதம்; இதுவும் கைநழுவினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஹாலில் உட்கார்ந்து பேசலாமென்றால், அதே பத்து மணிக்கு அண்ணனுக்கு ஆபீஸ் மீட்டிங். அவன் ரகசியம் பேசினாலே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

"என்னுதுல ஜோரா வருது. உன் டப்பாவுலதான் கோளாறு," என்று அண்ணன் பத்தாவது தடவையாக வந்து முட்டிபோட்டான். வயரைப் பிடுங்கினான், ஊதினான், திருப்பிச் சொருகினான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். அவன் வாசலில் நிற்கும்போதெல்லாம் நெட் சமர்த்துப் பிள்ளையாக ஓடியது.

தங்கச்சி நோட்டை நீட்டினாள். "ஒன்பது தடவை கட்டாகியிருக்கு. ஒன்பதும் அம்மாகிட்ட பேசறப்போதான்."

"அம்மா குரலைக் கேட்டா நெட்டே பயந்து ஓடுது. சின்ன வயசுல நானும் அப்படித்தான் ஓடுவேன்."

"விளையாடாதண்ணா. நாளைக்கு நடுவுல கட்டானா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணன் சிரிப்பை விட்டான். "சரி, தொட்டாச்சிணுங்கி, இப்பவே அம்மாவைக் கூப்பிடு. நான் ரவுட்டர் லைட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

கூப்பிட்டாள். அம்மா வந்தாள், தெளிவாக. விட்ட இடத்திலிருந்து, சாப்பிட்டியா. சாப்பிட்டேன். நாளைக்கு என்ன டிரஸ் போடப்போறே? நீலம். பேசிக்கொண்டே இருந்தவளுக்குக் குரல் உடைந்தது. "பயமா இருக்கும்மா," என்றாள். அம்மா ஏதோ சொல்ல வந்து, அப்படியே உறைந்தாள்.

"லைட்டு போச்சு!" என்று ஹாலிலிருந்து அண்ணன் அலறியது, காதை மூடியிருந்த ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது.

அவள் திரும்பினாள். திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்த கதவு சாத்தியிருந்தது.

எழுந்துபோய்த் திறந்தாள். மடித்த துணிகளை மாரோடு அணைத்தபடி, ஓட்டை விழுந்த நீலச் சாக்ஸோடு அண்ணி நின்றிருந்தாள்.

"நீங்களா அண்ணி சாத்தினீங்க?"

"ஆமா." அண்ணி திருதிருவென்று முழித்தாள். "அம்மாகிட்ட பேசறப்போ உனக்குக் குரல் உடைஞ்சு போயிடுது. நான் இப்படியும் அப்படியும் நடந்தா மனசுவிட்டு அழக்கூட முடியாதேன்னு... வந்த நாள்லேருந்து சாத்திட்டுத்தான் போறேன். உனக்குச் சத்தம் கேட்கக்கூடாதுன்னு கைப்பிடியை அழுத்திப் புடிச்சு."

அண்ணன் கீலுக்குப் பக்கத்தில் குனிந்தான். அந்த இடத்தில் வயர் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது.

"நாப்பது நாளா ரவுட்டரைத் திட்டினேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன்..."

"வயரைக் கீல் பக்கம் விட்ட புத்திசாலி யாருங்க?" என்றாள் அண்ணி. அண்ணன் போய் டேப்பைத் தேடினான்.

ஞாயிறென்றால் அந்த ஊரில் கடை எதுவும் திறப்பதில்லை. நசுங்கின இடத்தில் மஞ்சள் டேப்பைச் சுற்றி, இனி யாரும் கதவைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டார்கள்.

காலையில் பத்து அடித்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. திரையில் மூன்று முகங்கள். ஹாலில் அண்ணன், "தொண்டை கட்டிக்கிச்சு சார்," என்று ஆபீஸிடம் பொய் சொல்லி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். படிப்பு, முன்பு பார்த்த வேலை என்று கேள்விகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. நடுவில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: புது ஊராச்சே, தனியாகச் சமாளித்துவிடுவீர்களா?

சமையலறை ஜன்னலிலிருந்து காற்று வந்தது. திரையின் மூலையில் தெரிந்த தன் சின்னப் படத்தில், முதுகுக்குப் பின்னால் கதவு மெல்ல மெல்ல நகர்வதைத் தங்கச்சி பார்த்தாள். எழுந்துபோய்ப் பிடிக்கவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது.

கதவு முக்கால்வாசி வந்தபோது, கீழே, நீலச் சாக்ஸ் போட்ட ஒரு பாதம் சத்தமில்லாமல் உள்ளே நீண்டு அதை நிறுத்தியது. சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

தங்கச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பாதம் அசையாமல் அங்கேயே இருந்தது.